பக்கவாதத்துக்குப் பிறகு ‘நான் வரலை’ என்பவரை என்ன செய்வது?

கேள்வி, சுருக்கமாக: அண்ணனுக்கு வயது 52. எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் பாதித்ததால் வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார், ஒன்றிரண்டு வார்த்தையாகப் பேசுகிறார். டாக்டர் ‘நல்ல முன்னேற்றம்’ என்கிறார். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறார். போனை எடுப்பதில்லை. எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் ‘வரலை’தான். ஒரு காலத்தில் எங்கே போனாலும் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர். ‘தொந்தரவு செய்யாதீர்கள், தானாக வருவார்’ என்று வீட்டில் பாதிப் பேர். ‘இழுத்துக்கொண்டு போனால்தான் சரியாவார்’ என்று மீதிப் பேர். எது சரி?

இரண்டுமே சரியில்லை. ‘வரலை’ என்பதை இரண்டு தரப்பும் அவருடைய முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். முழு வாக்கியம் பேச முடியாத ஒருவர் ‘வரலை’ என்று சொன்னால், அதற்குப் பின்னால் அவரால் சொல்ல முடியாத ஒரு காரணம் இருக்கும். பல நேரம் அது ரொம்பச் சின்னக் காரணம். வெளியே சொல்லக் கூச்சமான காரணமாகவும் இருக்கும்.

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. என்னிடம் வந்த ஒருவர், கிட்டத்தட்ட உங்கள் அண்ணன் வயதுதான். நெருங்கிய நண்பரின் மகளுக்குக் கல்யாணம். மூன்று வாரமாக மனைவி கெஞ்சுகிறார், மகன் கோபப்படுகிறான், இவர் தலையை ஆட்டி மறுக்கிறார். பேச வெட்கப்படுகிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் சொல்வதற்கு நாலு வாக்கியங்களை அட்டையில் எழுதிப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த அட்டையை இடது கையால் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார். ஒரு கட்டம் போட்டார், அதற்குள் ஒரு வட்டம். ‘மண்டபமா?’ இல்லை. ‘மேடையா?’ இல்லை. ‘உட்கார நாற்காலி கிடைக்குமா என்கிறீர்களா?’ பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் தன் பேன்ட்டின் இடுப்புக் கொக்கியைத் தொட்டுக் காட்டினார். இடது கையால் வலது கையைத் தூக்கி விட்டார். அது பொத்தென்று மடியில் விழுந்தது.

அவர் வரைந்தது கழிப்பறை. அந்தக் கொக்கியை ஒரு கையால் மாட்ட முடியாது. வீட்டில் மனைவி மாட்டிவிடுவார், கல்யாண மண்டபத்தில் ஆண்கள் கழிப்பறைக்குள் அவர் எப்படி வருவார்? கொக்கியை எடுத்துவிட்டு இடுப்பில் எலாஸ்டிக், ஜிப்புக்குப் பதில் வெல்க்ரோ. தையல்காரருக்கு அரை மணி நேர வேலை. மனிதர் கல்யாணத்துக்குப் போனார். நான் பழக்கிவிட்ட நாலு வாக்கியங்களில் ஒன்றைக்கூட அங்கே சொல்லவில்லையாம்.

ஆகவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். நான் அடிக்கடி பார்க்கிறவற்றைச் சொல்கிறேன்.

களைப்பு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது உண்டு. வேலை செய்து வருகிற அசதி மாதிரி இல்லை இது. நன்றாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று அணைந்துபோவார். முகம் தொங்கும், பேச்சு இன்னும் குழறும், எரிச்சல் வரும். தூங்கி எழுந்தாலும் முழுதாகப் போகாது. கை கால் நன்றாக வந்தவர்களுக்கும் இது இருக்கும், வெளியே தெரியாது என்பதால் ‘சோம்பேறித்தனம்’ என்று பெயர் கிடைக்கும். நாலு பேர் பேசுகிற இடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்பதற்கே அடிபட்ட மூளை முழு பலத்தையும் செலவு செய்கிறது. உங்கள் அண்ணன் விருந்தாளிகள் வந்ததும் எழுந்து போவது வெட்கத்தால்தான் என்று நினைக்காதீர்கள். அந்த இரைச்சல் தாங்காமலும் இருக்கலாம். அவர் போகும்போது டிவி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை கவனியுங்கள்.

பார்வை. இதை வீட்டார் கண்டுபிடிப்பதே இல்லை. இடது மூளை பாதித்தால் இரண்டு கண்ணிலும் வலது பாதிப் பார்வை போயிருக்கக்கூடும். ஒரு கண் போனது போல் இருக்காது. எந்தக் கண்ணால் பார்த்தாலும் வலது பக்கத்தில் இருப்பது தெரியாது. வலப்பக்கம் வந்து உட்கார்ந்த நண்பர் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, ‘என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை’ என்று வருத்தத்தோடு போயிருப்பார். தட்டில் வலது பாதியில் உள்ளதைத் தொடாமல் வைக்கிறாரா, கதவு நிலையில் வலது தோளை இடிக்கிறாரா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடம் பார்வைப் பரப்புப் பரிசோதனை கேளுங்கள். வலது மூளை பாதித்தவர்களுக்கு இதைவிடச் சிக்கலான ஒன்று வரும். இடது பக்க உலகமே இல்லாதது போல் நடந்துகொள்வார்கள், அப்படி ஒரு குறை இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் விஷயத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு.

சாப்பாடு. ஆரம்பத்தில் பாதிப் பேருக்கு விழுங்குவதில் தடை இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு நிற்கும். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, உதட்டோரம் வழிகிறது, வழிவது அவருக்கே தெரிவதில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை. அடுத்தவர் கைக்குட்டையை நீட்டும்போதுதான் தெரிகிறது. இரண்டு தடவை அப்படி நடந்தால் நானும் பந்தியில் உட்கார மாட்டேன். வழி இருக்கிறது. வீட்டிலேயே முன்கூட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போவது. நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில் இருப்பது இறங்கிய பிறகே அடுத்த வாய், சாப்பிடும்போது பேச்சு வேண்டாம். புரையேறுவது தொடர்ந்தாலோ, சாப்பிட்ட பின் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்டாலோ விழுங்கும் பரிசோதனை அவசியம், அது நுரையீரல் தொற்றில் கொண்டுபோய் விடக்கூடும்.

அழுகை. பழைய நண்பரைப் பார்த்ததும் உடைந்து அழுகிறாரா? துக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்தில் ஒருவருக்குப் போல, மனதில் துக்கமே இல்லாமல் அழுகை பீறிட்டு வரும், சிலருக்குச் சிரிப்பு வரும். அடக்குகிற இடம் மூளையில் பழுதாகிவிட்டது, அவ்வளவுதான். சாவு வீட்டில் சிரித்துவிட்ட ஒரு அம்மா அதற்கப்புறம் ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இதற்கு மருந்து உண்டு, நன்றாகவே கேட்கும். அதுவரை, அழும்போது எல்லோரும் சுற்றி நின்று தேற்றாதீர்கள். தேற்றத் தேற்ற அதிகமாகும். சாதாரணமாக வேறு விஷயத்துக்குப் பேச்சை மாற்றினால் அரை நிமிடத்தில் நின்றுவிடும். அது துக்க அழுகையா இந்த அழுகையா என்று அவரிடமே கேட்கலாம். ‘உள்ளே வருத்தமா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று தலையசைப்பார்கள், கண்ணில் நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. வீட்டிலேயே, தனக்குப் பிடித்தவர்களோடு இருக்கும்போது அண்ணன் முகம் மலர்கிறதா? பாட்டுக் கேட்கிறாரா, விளையாட்டுப் பார்க்கிறாரா? ஆமென்றால் பிரச்சினை வெளியே இருக்கிற தடைகளில். வீட்டுக்குள்ளும் எதிலும் ஒட்டாமல், சாப்பாடு தூக்கம் கெட்டு, பயிற்சியையும் விட்டுவிட்டார் என்றால், நான் கீழே சொல்லப்போகிற எதையும் தொடங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ‘மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை இது. பேச முடியாதவரிடம் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதால், வீட்டில் பார்க்கிறதை நீங்கள்தான் டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். இது என் தொழில், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கிறது. அஃபேசியா என்பார்கள். நாக்கும் உதடும் தளர்ந்து வாய் குழறுவது வேறு. அங்கே வார்த்தை உள்ளே சரியாக இருக்கும், வெளியே வரும்போது மழுங்கும். அஃபேசியாவில் வார்த்தையே கைக்கு அகப்படாது. தொண்டைவரை வந்து நிற்கிற ஒரு பெயரை நீங்கள் தேடியிருப்பீர்களே, அதை எல்லா வார்த்தைக்கும், நாள் முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவு அப்படியே இருக்கிறது. யார் எப்படிப்பட்டவர், எது நியாயம், யார் தன்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறார் எல்லாம் தெரிகிறது.

1861-இல் பால் ப்ரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பது மட்டுமே பதிலாக வந்தது, ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான் ஆகிவிட்டது. ஆனால் தான் சொல்வது எதிராளிக்குப் புரியாமல் கோபம் தலைக்கேறும்போது, அவர் வாயிலிருந்து ஒரு முழு வசை தெளிவாக வரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் வீட்டில் சண்டை வருவதே இதனால்தான். ‘நேற்று அழகாகத் திட்டினாரே, பாட்டுப் பாடினாரே, ஒன்று இரண்டு மூன்று சொன்னாரே, அப்போ இவர் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்’ என்பார்கள். மனப்பாடமாக ஊறிய பேச்சும் பாட்டும் வசையும் வேறு வழியில் வருகின்றன. தானாக யோசித்து ஒரு வாக்கியம் அமைப்பதுதான் அடைபட்டிருக்கிறது. வேண்டுமென்றே யாரும் இப்படி இருப்பதில்லை.

ஒன்றுக்கு மேல் மொழி தெரிந்தவர் என்றால், எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்பாது. தினமும் புழங்கிய மொழி முந்தலாம், சின்ன வயது மொழி முந்தலாம். எது வருகிறதோ அதில் பேச விடுங்கள்.

இப்போது முக்கியமானது. பேச்சு முழுதாகத் திரும்பிய பிறகு ஆட்களைச் சந்திக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். எட்டு மாதம் ஆகிவிட்டது. வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில்தான். ஆறு மாதம் தாண்டினால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்வது தவறு, பேச்சு வருடக்கணக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டே போவதை நான் பார்க்கிறேன். ஆனால் அது புழங்கினால்தான் கூடும். உள்ளறையில் உட்கார்ந்திருந்தால் எதற்குக் கூடும்? பேச்சை மட்டும் திருத்திக்கொண்டிருப்பதை விட்டு, அவரோடு பேசுகிறவர்களையும் திருத்த வேண்டும். டொரன்டோவில் ஆரா கேகன் என்ற பேச்சு சிகிச்சையாளரும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பயிற்சி கொடுத்தது நோயாளிகளுக்கு இல்லை, அவர்களோடு பேச வந்த தன்னார்வலர்களுக்கு. பேச வந்தவர்கள் தேறியதில் ஆச்சரியம் இல்லை. எந்தப் பயிற்சியும் பெறாத நோயாளிகளும் கருத்தைச் சொல்வதிலும் வாங்குவதிலும் தேறினார்கள். எதிரே இருப்பவருக்கு விஷயம் தெரிந்தால் உங்கள் அண்ணன் இன்றைக்கு இருக்கிறபடியே நன்றாகப் பேசுவார் என்று அர்த்தம்.

எதிரே இருப்பவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பெரும்பாலும், காத்திருக்க. அவர் வார்த்தையைத் தேடும்போது மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். நம்மில் யாரும் மூன்றைத் தாண்டுவதில்லை, அதற்குள் வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நீங்கள் கொடுத்த வார்த்தை அவர் தேடியது இல்லை என்றால், அவர் தேடியதும் அந்த நொடியே தொலைந்துபோகும். அவராக உங்களைப் பார்த்துக் கையை விரித்தால் அப்போது எடுத்துக் கொடுக்கலாம்.

‘என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்பதைவிட இரண்டு பொருளைக் காட்டி ‘இதுவா, அதுவா?’ என்று கேட்பது எளிது. பேச்சு எதைப் பற்றி என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், ‘வீட்டு விஷயமாக ஒன்று’ என்கிற மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். மேஜை மேல் எப்போதும் பேப்பரும் தடித்த எழுத்து வருகிற பேனாவும் இருக்கட்டும். பேசும்போதே ஒரு ஊர்ப் பெயரையோ தேதியையோ எழுதிக் காட்டினால் அவர் அதைச் சுட்டிக்காட்டிப் பேச முடியும். ‘ஆமா’வும் ‘இல்லை’யும் அவருக்கு மாறி வரலாம், வாய் ‘ஆமா’ என்னும், தலை ‘இல்லை’ என்று ஆடும். முக்கியமான விஷயமென்றால் திருப்பிக் கேளுங்கள். புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள், அவருக்குக் கண்டிப்பாகத் தெரிந்துவிடும். ‘எனக்குப் பிடிபடவில்லை, அப்புறம் இன்னொரு தடவை முயற்சி செய்வோம்’ என்று நேராகச் சொல்வது மரியாதை. குரலை உயர்த்த வேண்டாம், காது நன்றாகத்தான் கேட்கிறது.

வருகிறவர்கள் வைக்கிற பரீட்சையைத் தடுத்து நிறுத்துங்கள். ‘நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!’ அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அஃபேசியாவில் முதலில் போகிறதும் கடைசியில் வருகிறதும் பெரும்பாலும் பெயர்கள்தான். முப்பது வருட நண்பன் எதிரே நிற்கிறான், யார் என்று நன்றாகத் தெரிகிறது, பெயர் வரவில்லை, சுற்றி ஆறு பேர் அவர் வாயையே பார்க்கிறார்கள். அடுத்த முறை கதவு தட்டும்போது அவர் உள்ளறைக்குப் போவாரா மாட்டாரா? வருகிறவரே ‘நான்தான் இன்னார்’ என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தால் முடிந்தது வேலை.

இன்னொன்று, அவருக்குப் பதிலாகப் பேசுவது. இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒருவரை, வெளி இடங்களில் பேசிப் பழகும் பயிற்சி என்று ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, ‘இவருக்கு என்ன வேணும்?’ என்றார். பின்னால் வரிசை நின்றது. நான் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், மூன்று எண்ணுவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக ஒரு அடி பின்னால் நகர்த்தினார். சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். ‘எனக்குப் பக்கவாதம் வந்தது. நீங்கள் பேசுவது புரியும். நான் பேச நேரமாகும். என்னிடமே பேசுங்கள்.’ நான்தான் எழுதிக் கொடுத்த அட்டை. கவுன்டரில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று நிமிடம் பிடித்தது. வரிசையில் யாரும் செத்துப்போகவில்லை.

அப்படி ஒரு அட்டை அண்ணனுக்கும் செய்து கொடுங்கள். வாசகத்தை அவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு எழுதுங்கள். பின்பக்கம் உங்கள் போன் நம்பரும் அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் இருக்கட்டும்.

போனை எடுப்பதில்லை என்றீர்கள். எடுக்காததுதான் நியாயம். முகம் தெரியாது, கை சாடை காட்ட முடியாது, மௌனம் வந்தால் எதிராளி ‘ஹலோ ஹலோ’ என்று கத்துவார். பேச்சு போனவருக்குப் போன்தான் கடைசிப் படி. வீடியோ கால் பரவாயில்லை, அதுவும் நேரம் சொல்லிவைத்து, ஒருவரோடு மட்டும். அதைவிட நல்லது போட்டோ அனுப்பிக்கொள்வது, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொள்வது. நண்பர் பேசியதை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம், பதிலை எட்டுத் தடவை பதிவு செய்து ஒன்பதாவதை அனுப்பலாம், யாரும் காத்திருக்கவில்லை.

நண்பர்கள் ஏன் வருவதில்லை? முதல் மாதம் கூட்டமாக வருவார்கள், மூன்றாவது மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மனசாட்சி இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். வந்தால் என்ன பேசுவது, எங்கே பார்ப்பது என்று தெரியாத பயம்தான் அதிகம். பழைய பேச்சாளரை அப்படிப் பார்க்கப் பொறுக்காதவர்களும் உண்டு. இவர்களுக்குப் பொதுவாக ‘வந்து பாருங்கள்’ என்றால் வர மாட்டார்கள். ஒரு வேலை கொடுத்தால் வருவார்கள். கூட்டத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், கூட்டத்தில் நிறையச் சிரிக்கவைப்பவரை விட்டுவிட்டு, அவர்களில் அமைதியானவரை. இந்த மாதிரி ஒரு செய்தி அனுப்புங்கள், அனுப்பும் முன் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்: ‘அண்ணனுக்கு எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் தாமதமாக வருகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் வந்தால் சந்தோஷப்படுவார். தனியாக வாருங்கள். பழைய போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள். அவர் வார்த்தை தேடினால் காத்திருங்கள், எடுத்துக் கொடுக்க வேண்டாம்.’

வந்ததும் சீட்டோ கேரமோ செஸ்ஸோ, முன்பு சேர்ந்து ஆடியது எதுவோ அதை எடுத்து வையுங்கள். கையில் ஒரு ஆட்டம் இருந்தால் மௌனம் உறுத்தாது. கேரம் இடது கையால் ஆடிப் பழகலாம். சீட்டைப் பிடிக்க முடியாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் பிரஷைத் தலைகீழாக வைத்து அதன் மயிருக்கிடையில் சீட்டுகளைச் செருகி நிறுத்தலாம், நன்றாகவே நிற்கும். நீங்களும் அண்ணியும் அந்த அரை மணி நேரம் அறையில் இருக்காதீர்கள். இதுதான் கஷ்டம். நீங்கள் இருந்தால் நண்பர் உங்களிடம் பேசுவார். அரை மணி ஆனதும் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் முடித்துவிடுங்கள். களைத்துப்போய் முடிந்த சந்திப்புதான் அவர் நினைவில் நிற்கும், அடுத்ததற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

இப்படி மூன்று நாலு சந்திப்பு ஆன பிறகு வெளியே. ஆளில்லாத நேரத்தில் பக்கத்தில் ஒரு நடை, பிறகு அந்த நண்பர் வீடு, அதற்கப்புறம்தான் விசேஷம். விசேஷ நாளன்று மதியம்வரை வேறு வேலை எதுவும் கூடாது, பிசியோதெரபி இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். முதுகுக்குச் சுவர், இடது பக்கம் ஆட்கள் வருகிற மாதிரி ஓர் ஓர நாற்காலி. கையில்லாத, சாய்ந்தால் நகர்கிற நாற்காலி ஆபத்து. கழிப்பறை எங்கே, படி எத்தனை, கைப்பிடி இருக்கிறதா என்று நீங்கள் முதல் நாளே பார்த்துவிட்டு வாருங்கள், பார்த்ததைப் போட்டோ எடுத்து அவருக்குக் காட்டுங்கள். கிளம்ப வேண்டும் என்பதற்கு ஒரு சைகை முடிவு செய்துகொள்ளுங்கள், கைத்தடியை இடமிருந்து வலம் மாற்றி வைப்பது மாதிரி ஏதோ ஒன்று. அந்தச் சைகை வந்தால், சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும், ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ கிடையாது. ஒரு தடவை நீங்கள் அந்த வாக்கை மீறினால் அடுத்த அழைப்புக்கு அவரிடமிருந்து என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளை அவரிடமிருந்து தள்ளி வைக்காதீர்கள். ‘தாத்தா கை ஏன் இப்படி இருக்கு?’ என்று நேராகக் கேட்பார்கள், பதில் கிடைத்ததும் அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். வார்த்தை தப்பினால் திருத்துவார்கள், அதில் பரிதாபம் இருக்காது. பெரியவர்கள் முன்னால் வாயே திறக்காத ஒருவர், ஐந்து வயதுப் பேத்தியின் படப் புத்தகத்தை அவளோடு சேர்ந்து வாசித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நட்பு வட்டம் சிகரெட்டையும் குடியையும் சுற்றி இருந்தது என்றால், அந்த வட்டத்துக்கே அதே இடத்தில் திரும்புவது சரிவராது. பக்கவாதம் வருகிறவர்களில் நாலில் ஒருவர் ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர், சிகரெட் அதற்கு நேர்வழி. நண்பர்களை விட வேண்டாம், சந்திக்கும் இடத்தை மாற்றுங்கள். கார், பைக் ஓட்டுவது டாக்டரிடம் கேட்காமல் கூடவே கூடாது, பார்வைப் பரப்பு குறைந்திருந்தால் அவருக்கே தெரியாமல் வலப்பக்கம் ஆளை இடித்துவிடுவார். தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, டாக்டரும் சொல்வதில்லை. உறவு கொண்டால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு பேரும் தனித்தனிக் கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, உடல் நிலைபெற்றுவிட்டால் பெரும்பாலோருக்குத் தடை இல்லை, மருந்தால் வரும் தளர்ச்சி என்றால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். அண்ணியோ அண்ணனோ டாக்டரிடம் தனியாகக் கேட்கட்டும். மருந்தை அவராக நிறுத்தக் கூடாது.

வேலைக்குத் திரும்புவதும் சமூகத்துக்குத் திரும்புவதில் அடக்கம்தான். லூயி பாஸ்டருக்கு 1868-இல், 45 வயதில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. சில நாட்களில் படுக்கையிலிருந்தே பட்டுப்புழு நோய் பற்றிய குறிப்பைச் சொல்லி எழுதவைத்தார். இடது கையும் காலும் கடைசிவரை முழுதாக வரவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குப் போடவைத்தது 1885-இல், அதாவது பதினேழு வருடம் கழித்து. அவருக்கு அடிபட்டது வலது மூளை, பேச்சு தப்பியது, அதனால் உங்கள் அண்ணனோடு அப்படியே ஒப்பிட மாட்டேன். நான் கவனிப்பது வேறு: கைவேலை முடியாமல் போனபோது சோதனைகளில் உதவியாளர்களின் கைகள் வேலை செய்தன, என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்தார். உங்கள் அண்ணனும் பழைய வேலையில் எந்தப் பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், எதை இன்னொருவர் கைக்குக் கொடுக்கலாம் என்று பாருங்கள். கணக்குப் பார்க்க முடிகிறதா? சரக்கைப் பார்த்துத் தரம் சொல்ல முடிகிறதா? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது யாரோ ஒருவர் தன்னிடம் ஒன்றைக் கேட்டுப் போகிறார் என்பது, பத்து விசேஷத்துக்குப் போவதற்குச் சமம்.

அவரோடு வெளியே போகிற எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக முகம் கோணினாலோ, நல்ல கை திடீரென்று தளர்ந்தாலோ, இருந்த பேச்சும் சட்டென்று குறைந்தாலோ அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் உடனே ஆம்புலன்ஸ். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

அண்ணியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எட்டு மாதமாக அவருக்கும் வெளி உலகம் கிடையாது என்று ஊகிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர் வருகிற அந்த அரை மணியில் அண்ணியை வீட்டு வேலை செய்ய விடாதீர்கள், வெளியே அனுப்புங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை. களைப்பு இல்லாத காலை நேரத்தில், டிவியை நிறுத்திவிட்டு, நீங்கள் மட்டும் அண்ணன் எதிரே உட்காருங்கள். ஒரு பெரிய பேப்பரில் ஏழு கட்டம் போடுங்கள். கழிப்பறை, சாப்பாட்டுத் தட்டு, கூட்டம், படிக்கட்டு, கட்டில், வாய் என்று ஆறு கட்டத்தில் குச்சிப் படமாக வரையுங்கள், கீழே பெயரும் எழுதுங்கள். ஏழாவதில் ஒரு கேள்விக்குறி. ‘வெளியே போவதில் எது கஷ்டம்?’ என்று கேட்டுவிட்டுப் பேனாவை அவர் இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பத்து எண்ணுங்கள். கேள்விக்குறியைத் தொட்டால் இன்னொரு பேப்பரைக் கொடுங்கள், அவரே வரையட்டும். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றவர் கட்டத்தையும் வட்டத்தையும் வரைந்த அன்றைக்கு என் பட்டியலில் கழிப்பறை இருக்கவில்லை.